சென்னையில் சுயாதீன இசையைப் பின்தொடர்வது எப்படி: ரசிகருக்கு ஒரு முழு வழிகாட்டி

சென்னையில் சினிமா இசைக் கச்சேரி நடந்தால் ஊருக்கே தெரியும். மார்கழி சபாக் கச்சேரிகளுக்குப் பட்டியல் பேப்பரிலேயே வந்துவிடும். சொந்தமாகப் பாட்டு எழுதி, சொந்தக் காசில் ரெக்கார்ட் செய்து, கிடைத்த மேடையில் வாசிக்கிற பேண்டுகளின் நிகழ்ச்சி மட்டும் நூறு, நூற்றைம்பது பேருக்குத் தெரிந்து நடந்து முடிந்துவிடும். மறுநாள் யாரோ போட்ட வீடியோவைப் பார்த்துவிட்டு "அட, இது நேற்றா நடந்தது?" என்று கேட்பதுதான் மிச்சம்.

புதிதாக வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் முதலில் டிக்கெட் ஆப்பைத் திறக்கிறார்கள். அங்கே பெரிய விளம்பரம் உள்ளவைதான் மேலே நிற்கும். அதில் ஒன்றிரண்டுக்குப் போகிறார்கள், பாட்டு தெரியாது, சத்தம் காதை அடைக்கும், பக்கத்தில் நிற்பவர் யாரென்றும் தெரியாது, அத்தோடு சரி, விட்டுவிடுகிறார்கள். டிக்கெட் வாங்குவது ஏழாவது படி. அதற்கு முன்னால் ஆறு இருக்கின்றன.

1. முன்கூட்டியே கையில் இருக்க வேண்டியவை

அடையாள அட்டை. தமிழ்நாட்டில் மது அருந்தச் சட்டப்படி 21 வயது ஆகியிருக்க வேண்டும். நிகழ்ச்சி ஓட்டல் பாரில் என்றால், நீங்கள் எலுமிச்சை சோடா மட்டும் குடிக்கப் போகிறவராக இருந்தாலும் வாசலிலேயே வயதைப் பார்ப்பார்கள். போனில் எடுத்து வைத்த ஆதார் போட்டோவைச் சில இடங்களில் ஏற்க மாட்டார்கள், அதனால் அசல் அட்டையோ டிஜிலாக்கரோ தயாராக இருக்கட்டும். 21 ஆகாதவர்கள் நேராக நாலாவது படியைக் கவனமாகப் படிக்கவும், உங்களுக்கும் இடம் உண்டு.

காதுக்கு இயர்பிளக். இதைச் சொன்னால் சிரிப்பார்கள். அமெரிக்காவின் நியோஷ் என்ற தொழில் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, 100 டெசிபல் சத்தத்தைக் காது பாதிப்பில்லாமல் தாங்குவது ஒரு நாளைக்கு 15 நிமிடம்தான். தாழ்ந்த கூரை உள்ள சின்ன அறையில் ட்ரம்ஸும் கிட்டார் ஒலியைக் கூட்டும் ஆம்ப்பும் சேர்ந்தால் அந்த அளவு சர்வசாதாரணம். மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் ஸ்பான்ஜ் வகை போதும், ஆனால் அது உச்ச ஸ்வரங்களை அதிகம் அமுக்குவதால் பாட்டின் வார்த்தைகள் மங்கிக் கேட்கும். மாதம் ஒன்றிரண்டு நிகழ்ச்சிக்காவது போவீர்கள் என்று உறுதியான பிறகு இசைக்கென்றே செய்த வகையை ஆன்லைனில் வாங்கலாம், அது எல்லா ஒலியையும் ஏறக்குறைய ஒரே அளவில் குறைக்கும்.

பணம். சின்ன நிகழ்ச்சிகளுக்கு டிக்கெட் பெரும்பாலும் சில நூறு ரூபாய்தான், சிலது இலவசம். செலவை ஏற்றுவது திரும்பி வரும் ஆட்டோவும் உள்ளே வாங்கும் சாப்பாடும். மாதத்துக்கு இவ்வளவு என்று ஒரு தொகையை ஒதுக்கும்போது அவற்றையும் சேர்த்தே ஒதுக்குங்கள்.

2. முதலில் வீட்டில் உட்கார்ந்து கேளுங்கள்

நேரில் கேட்கும்போது பாடகரின் குரல் பாதி நேரம் கிட்டாருக்குள் முங்கிப்போகும். பாட்டு ஏற்கெனவே தெரிந்திருந்தால் மீதியைக் காது தானாக நிரப்பிக்கொள்ளும், தெரியாவிட்டால் அது வெறும் இரைச்சல். வீட்டில் கேட்பதை முதலில் வைத்ததற்குக் காரணம் இதுதான்.

இந்தப் பட்டியலிலிருந்து ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத மூன்று பேரை எடுத்துக்கொள்ளுங்கள். கானாவும் ராப்பும் ராக்கும் கலந்த தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ், கர்நாடக ராகங்களை எலக்ட்ரிக் கிட்டாரில் ஜாஸ் பக்கம் இழுத்துப்போகும் ஜடாயு, மறைந்துபோன யாழை மறுபடி மரத்தில் செய்து மேடையேற்றும் உரு பாணர், ஆங்கிலத்தில் பாடும் ஸ்க்ராட், தி எஃப்16ஸ், தமிழ் ராக்கில் ஊர்கா, கிட்டாரும் கையுமாகத் தனியாக நிற்கும் கபேர் வாசுகி. இவற்றில் உங்களுக்கு எது ஒட்டுகிறது என்று முதல் தடவை கேட்டதும் முடிவு செய்யாதீர்கள். ஒரு ஆல்பத்தையோ நாலைந்து பாட்டையோ ஒரு வாரம் ஓட விடுங்கள்.

இங்கே வழக்கமாக நடக்கும் தவறு, 'சென்னை இண்டி' (சுயாதீன இசையைத்தான் இண்டி என்பார்கள்) என்று தேடி, நூறு பாட்டு உள்ள பிளேலிஸ்ட்டைப் போட்டுவிட்டு வேலையைப் பார்ப்பது. அதில் ஒரு பெயரும் மனதில் நிற்காது. மூன்று பேண்ட் நன்றாகத் தெரிந்தால் அடுத்த படிக்கு அது தாராளம்.

3. இடத்தை விட்டுவிட்டு ஆட்களைப் பின்தொடருங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

வேறு சில ஊர்களில் ஒரு கிளப்பின் பெயரை மட்டும் தெரிந்துவைத்துக்கொண்டு வாராவாரம் போய் நின்றால் போதும். சென்னையில் அது நடக்காது. டாஸ்மாக் பாரை விட்டால், மதுவுக்கு உரிமம் பெரும்பாலும் நட்சத்திர ஓட்டல்களிடமும் கிளப்களிடமும்தான் இருக்கிறது, அதனால் இசைக்காகவே திறந்து, குடிக்க விற்கும் காசில் வாடகை கட்டும் சின்ன இடம் இங்கே நிலைப்பது கஷ்டம். கஃபே மொட்டை மாடியில் தொடங்கும் நிகழ்ச்சிகள் பக்கத்து வீட்டுக்காரர் போலீசுக்குப் போன் போடும் வரை நடக்கும். ஓட்டலில் மேனேஜர் மாறினால் வியாழக்கிழமை பேண்ட் போய் டிஜே வந்துவிடுவார். இடத்தை நம்பினவர் ஒவ்வொரு வருடமும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். ஆட்கள் இடம் மாறினாலும் இசையை விடுவதில்லை.

எப்படிச் செய்வது? உங்கள் மூன்று பேண்டுகளில் ஒன்றின் இன்ஸ்டாகிராமுக்குப் போய், சமீபத்தில் நடந்த ஒரு நிகழ்ச்சியின் போட்டோவைத் திறங்கள். அதில் டேக் செய்யப்பட்டிருக்கும் பெயர்களை ஒவ்வொன்றாகத் தட்டிப் பாருங்கள். ஒருவர் ட்ரம்மர், ஒருவர் பேஸ் வாசிப்பவர், ஒருவர் சவுண்ட் இன்ஜினியர், ஒருவர் படம் எடுத்தவர், ஒருவர் போஸ்டர் வரைந்தவர், ஒன்று நிகழ்ச்சியை ஏற்பாடு செய்த குழு. எல்லாரையும் பின்தொடருங்கள், அதிலும் முக்கியமாக ட்ரம்மரையும் பேஸ் வாசிப்பவரையும். நல்ல ட்ரம்மர் எந்த ஊரிலும் கம்மி, அதனால் ஒரே ஆள் மூன்று நாலு பேண்டில் வாசிப்பார், அவர் ஸ்டோரியில் வரும் ஒவ்வொரு ஒத்திகை வீடியோவும் உங்களுக்கு ஒரு புது பேண்டை அறிமுகப்படுத்தும். சவுண்ட் இன்ஜினியர் இன்னும் மேல், யார் எங்கே வாசித்தாலும் அவர் அங்கே இருப்பார். போட்டோகிராபர் போகிற நிகழ்ச்சி பெரும்பாலும் பார்க்கத் தகுந்ததாகவே இருக்கும், அவரும் தன் நேரத்தை வீணாக்க விரும்ப மாட்டார் இல்லையா.

அப்புறம் ஒரு தொழில்நுட்பச் சங்கதி. நிகழ்ச்சி அறிவிப்பு பல நேரம் ஸ்டோரியாக மட்டும் வரும், 24 மணி நேரத்தில் மறைந்துவிடும். இசைக்கென்று தனியாக ஒரு கணக்குத் திறந்து, அதில் இந்த ஆட்களை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். கல்யாண ரீல்ஸ், பூனை ரீல்ஸ் நடுவே தேட வேண்டாம், தினமும் ஐந்து நிமிடம் போதும். பேண்ட் வாட்ஸ்அப் சேனல் வைத்திருந்தால் அதிலும் சேர்ந்துவிடுங்கள், அதில் வரும் செய்தியை எந்த அல்காரிதமும் ஒளித்து வைக்காது.

பார்த்த தேதியை உடனே போன் காலண்டரில் போடுங்கள். 'இன்டரஸ்டட்' என்று ஒரு பட்டனை அமுக்கிவிட்டு மறப்பவர்கள் ஏராளம்.

4. எந்த இடத்தில் எந்த மாதிரி நிகழ்ச்சி

ஓட்டல் பார்: பேண்ட் வாசிக்கும், ஆனால் பாதிக் கூட்டம் பேசிக்கொண்டிருக்கும். இடைவேளை விட்டு மூன்று செட் வாசிக்கச் சொல்லி, அதில் இரண்டு செட் கவர் பாட்டாக, அதாவது அடுத்தவர் பாட்டாக இருக்க வேண்டும் என்று கேட்கும் ஓட்டல்கள் உண்டு. சொந்தப் பாட்டு எப்போது வரும் என்று பேண்டிடமே மெசேஜில் கேட்டால் சொல்வார்கள்.

கலாச்சார மையம்: நுங்கம்பாக்கத்தில் காலேஜ் ரோட்டில் அலியான்ஸ் பிரான்சேஸ் இருக்கிறது, கொஞ்ச தூரத்திலேயே மாக்ஸ் முல்லர் பவன் என்கிற கோத்தே நிறுவனம். இங்கே வயதுக் கட்டுப்பாடு கிடையாது, கட்டணமும் பெரும்பாலும் கிடையாது, நேரத்துக்குத் தொடங்குவார்கள். புதியவருக்கும் மாணவர்களுக்கும் தொடங்க இதைவிட நல்ல இடம் இல்லை.

அரங்கம்: எழும்பூர் மியூசியம் தியேட்டர், சேத்துப்பட்டு லேடி ஆண்டாள் பள்ளி வளாகத்தில் உள்ள சர் முத்தா வெங்கடசுப்பாராவ் அரங்கம் போன்றவை. உட்கார்ந்து கேட்கலாம், ஒலி தெளிவாக இருக்கும். வாடகை அதிகம் என்பதால் ஆல்பம் வெளியீடு மாதிரி பெரிய நாளுக்குத்தான் பேண்டுகள் இங்கே வரும், அந்த நாளைத் தவற விடாதீர்கள்.

தெரு, மைதானம், குப்பம்: தென் சென்னையில் ஆங்கில ராக் கேட்பவர்களில் பலர் வியாசர்பாடிப் பக்கம் போனதே இல்லை. அந்தப் பக்கம் கானா பாடுபவர்களுக்கு அடையாறு கஃபே நிகழ்ச்சி நடப்பதே தெரியாது. இரண்டும் இதே ஊரின் சுயாதீன இசைதான். அம்பேத்கர் பிறந்தநாளான ஏப்ரல் 14-ஐ ஒட்டிய மேடைகள், கோயில் திருவிழாக்கள், நீலம் பண்பாட்டு மையம் 2020-இல் தொடங்கிய 'மார்கழியில் மக்களிசை' ஆகியவற்றை உங்கள் பட்டியலில் சேர்க்காவிட்டால் பாதி ஊரைத்தான் கேட்கிறீர்கள். பெசன்ட் நகரை ஒட்டிய மீனவக் குப்பத்தில் 2015-இல் ஊரூர் ஆல்காட் குப்பம் விழாவாகத் தொடங்கி, பின்னால் சென்னைக் கலைத் தெருவிழா என்று பெயர் மாறியதும் இந்த வகைதான். கானா சாவு வீட்டிலும் பாடப்படும், அங்கே ரசிகராகப் போய் போனைத் தூக்கி வீடியோ எடுக்கும் வேலை வேண்டவே வேண்டாம்.

5. வருடத்தின் போக்கைத் தெரிந்துகொள்ளுங்கள்

ஜனவரி, பிப்ரவரிதான் உச்சம். வெயில் இல்லை, மழை இல்லை, கல்லூரி விழாக்கள் தொடங்கும். ஐஐடியின் சாரங் ஜனவரியில் வரும், வெளியாட்கள் முன்பே பதிவு செய்ய வேண்டும், கடைசி நாளில் கேட்டில் நின்று கெஞ்சுவதில் பயனில்லை. ஏப்ரல், மே மாதங்களில் திறந்தவெளி நிகழ்ச்சி ரொம்பக் குறைவு. ஜூன் 21 உலக இசை நாள், பிரெஞ்சுக்காரர்கள் தொடங்கியது என்பதால் அதை ஒட்டிய வாரக் கடைசியில் அலியான்ஸ் பக்கம் ஒரு கண் வைத்திருங்கள். புது பேண்டுகள் வரிசையாக ஏறுகிற நாள் அது.

அக்டோபர் நடுவிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. திறந்தவெளி நிகழ்ச்சிக்கு டிக்கெட் எடுத்தால் அன்று காலையில் ஏற்பாட்டாளரின் பக்கத்தை ஒரு தடவை பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். டிசம்பரில் நல்ல அரங்கங்கள் எல்லாம் சபாக்கள் கையில் போய்விடும், அதனால் பேண்டுகள் ஒதுங்கியிருக்கும். நிகழ்ச்சியே இல்லையே என்று அந்த மாதத்தில் சலித்துக்கொள்ளாதீர்கள்.

6. போஸ்டரைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

இரண்டு நேரம் போட்டிருந்தால் முதலாவது கதவு திறக்கும் நேரம், இரண்டாவது இசை தொடங்கும் நேரம். ஒரே நேரம் போட்டு, பக்கத்தில் 'முதல்' என்று இருந்தால் அது கதவு நேரம், இசை அதற்கு முக்கால் மணி, ஒரு மணி தள்ளித்தான்.

முடிகிற நேரத்தைப் போட மாட்டார்கள், ஆனால் ஊகிக்கலாம். ஒலி மாசு விதிகள் 2000-இன்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. ஆகவே, திறந்தவெளியில் மூன்று பேண்ட் என்று போட்டு இசை 7.30-க்குத் தொடங்கும் என்றால், கடைசி பேண்டுக்கு மிஞ்சுவது நாற்பது நிமிடம்தான், அதுவும் நடுவில் யாரும் தாமதிக்காவிட்டால். நீங்கள் பார்க்க வந்தது கடைசி பேண்டை மட்டும்தான் என்றால் அந்தப் போஸ்டர் உங்களுக்கு நல்ல செய்தி இல்லை.

'ட்ரிப்யூட்' என்று இருந்தால் அன்று முழுக்க வேறு யாரோ ஒருவரின் பாட்டுகள். தப்பில்லை, சொந்தப் பாட்டு கேட்கப் போகிறோம் என்று நினைத்துப் போகாமல் இருந்தால் சரி. 'கவர் சார்ஜ்' என்றால் பக்கத்தில் சின்ன எழுத்தில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். அந்தப் பணத்துக்குச் சாப்பாடு வாங்கிக்கொள்ளலாம் என்றால் அது ஓட்டலுக்கே போகிறது, பேண்டுக்குத் தனியாகப் பேசின தொகைதான். நுழைவுக் கட்டணம் என்றால் அதில் பேண்டுக்கும் பங்கு இருக்க வாய்ப்பு அதிகம்.

7. டிக்கெட்

புக்மைஷோ, டிஸ்ட்ரிக்ட், ஸ்கில்பாக்ஸ் மூன்றிலும் கணக்குத் திறந்து வையுங்கள். முன்பு இன்சைடரில் பார்த்தவர்கள் இப்போது டிஸ்ட்ரிக்டில் தேட வேண்டும். ஆனால் ஆப்பில் தேடிக் கண்டுபிடிக்க முயலாதீர்கள், பேண்டின் பக்கத்தில் உள்ள லிங்க் வழியாகப் போங்கள். ஒரே நிகழ்ச்சியைச் சில நேரம் இரண்டு இடத்தில் விற்பார்கள், பேண்டுக்குத் தோதான வழி எது என்று அந்த லிங்க்கே சொல்லிவிடும்.

முடிந்தவரை முன்னாலேயே வாங்குங்கள். மலிவு என்பது ஒரு காரணம்தான். ஏற்பாட்டாளர்கள் இரண்டு வாரத்துக்கு முன் விற்ற எண்ணிக்கையைப் பார்த்துத்தான் சவுண்ட் சிஸ்டம் எவ்வளவு பெரிது, நிகழ்ச்சியை நடத்தலாமா வேண்டாமா என்று முடிவு செய்கிறார்கள். எல்லாரும் வாசலில் வாங்கிக்கொள்ளலாம் என்று இருந்தால் வாசலே இருக்காது.

பேண்டில் ஒருவர் பழக்கமானதும் "மச்சான், கெஸ்ட் லிஸ்ட்ல போட்டு விடு" என்று கேட்பது இங்கே ஒரு வியாதி. நூறு பேர் வரும் இடத்தில் இருபது பேர் ஓசி என்றால் அந்த நஷ்டம் நேராக அவர்கள் பெட்ரோல் காசில்தான் விழும். அவர்களாக அழைத்தால் போங்கள், நீங்களாகக் கேட்காதீர்கள்.

8. அன்று மாலை

முதல் பேண்டுக்கே போய்விடுங்கள். அடுத்த வருடம் கடைசியில் வாசிக்கப்போவது அவர்களாக இருக்கலாம் என்பது ஒரு பக்கம். கூட்டம் கம்மியாக இருக்கும் அந்த நேரத்தில்தான் பக்கத்தில் நிற்பவரிடம் பேச முடியும் என்பது இன்னொரு பக்கம். அங்கே கேட்கும் "போன வாரம் அவங்க வாசிச்சாங்களே, வரலையா?" என்ற ஒரு கேள்வியில் உங்கள் பட்டியலில் இல்லாத ஒரு பெயர் கிடைக்கும்.

எங்கே நிற்பது? சவுண்ட் இன்ஜினியரின் மேசைக்குப் பக்கத்தில். அவர் தன் காதில் கேட்பதை வைத்துத்தான் எல்லாவற்றையும் கூட்டிக் குறைக்கிறார், அறையிலேயே சமநிலையான ஒலி கேட்கும் இடம் பெரும்பாலும் அதுதான். மேடைக்கு ஒட்டி நின்றால் ட்ரம்ஸும் ஆம்ப்பும் நேராக வரும், குரல் வரும் ஸ்பீக்கர் உங்களுக்குப் பக்கவாட்டில் போய்விடும், அதனால் பாட்டே கேட்காது. ஆட வேண்டும் என்றால் முன்னால் போங்கள், கேட்க வேண்டும் என்றால் பின்னால் வாருங்கள். மேசையில் டம்ளரை வைக்காதீர்கள், அவரிடம் பாட்டு நடுவில் பேச்சுக் கொடுக்காதீர்கள், அவ்வளவுதான்.

வீடியோ ஒரு பாட்டுக்கு எடுத்தால் போதும். எடுத்ததைப் போடும்போது பேண்டை டேக் செய்யுங்கள், அவர்களுக்குக் கிடைக்கும் இலவச விளம்பரம் அது ஒன்றுதான். சினிமாப் பாட்டு கேட்டுக் கத்துவது, சொந்தப் பாட்டு ஓடும்போது "ராஜா சார் பாட்டு ப்ளீஸ்" என்பது, இரண்டும் மேடையில் இருப்பவரை என்ன செய்யும் என்று சொல்லத் தேவையில்லை.

வீடு திரும்ப வழியைக் கிளம்பும்போதே யோசியுங்கள். மெட்ரோ இரவு 11 மணி வாக்கில் முடிந்துவிடும். எழும்பூர், நந்தனம் என்றால் 10 மணிக்கு முடிந்த நிகழ்ச்சியிலிருந்து நிதானமாக நடந்து ரயிலைப் பிடிக்கலாம். ஈசிஆர் பக்கம் என்றால் எல்லாரும் ஒரே நேரத்தில் வண்டி புக் செய்வார்கள், விலை எகிறும். போகும்போதே அதே திசையில் திரும்பும் இரண்டு பேரைப் பிடித்து வையுங்கள்.

9. முடிந்த பிறகு

உடனே ஓடாதீர்கள், ஆனால் உடனே போய்ப் பேச்சும் கொடுக்காதீர்கள். வாசித்து முடித்ததும் அவர்கள் கேபிள் சுருட்டி, அடுத்தவருக்கு மேடையைக் காலி செய்ய வேண்டும். கால் மணி நேரம் கழித்து வெளியே டீ குடித்துக்கொண்டு நிற்பார்கள், அப்போது பேசுங்கள். "சூப்பர்" என்பதைவிட எந்தப் பாட்டில் எந்த இடம் பிடித்தது என்று சொன்னால் பேச்சு வளரும்.

காசு கொடுக்க நினைத்தால் டி-ஷர்ட்டையோ ஸ்டிக்கரையோ அங்கேயே வாங்குங்கள். ஸ்பாட்டிஃபையில் ஒரு பாட்டு வருடத்துக்கு 1000 தடவை ஓடாவிட்டால் 2024 முதல் அதற்கு ஒரு பைசாவும் கிடையாது. புது பேண்டுகளின் பல பாட்டுகள் அந்தக் கோட்டுக்குக் கீழேதான். பாட்டு விற்கும் தளமான பேண்ட்கேம்ப்பில் ஆல்பம் இருந்தால் அங்கே வாங்கலாம், டிஜிட்டல் விற்பனையில் தளம் 15 சதவீதம் எடுத்துக்கொள்கிறது, பணம் செலுத்தும் கட்டணம் போக மீதி பேண்டுக்கு.

வீட்டுக்கு வந்ததும் தேதி, இடம், யார் யார் வாசித்தார்கள், எந்தப் புதுப் பெயர் கிடைத்தது என்று நாலு வரி எழுதி வையுங்கள். புதுப் பெயர்களை மூன்றாவது படிக்குக் கொண்டுபோய் அதே மாதிரி டேக் பாருங்கள்.

10. பேண்ட் காணாமல் போனால்

போகும். சென்னையில் இது ரொம்ப சகஜம், காரணம் பக்கத்திலேயே சினிமா இருக்கிறது. ஷான் ரோல்டன் படங்களுக்கு இசையமைக்கும் முன் இங்கே 'ஷான் ரோல்டன் அண்ட் ஃபிரெண்ட்ஸ்' என்று வாசித்தவர். தி காஸ்ட்லெஸ் கலெக்டிவில் இருந்த டென்மாவும் அறிவும் அந்தப் பக்கமும் வேலை செய்கிறார்கள். கிட்டார் வாசிப்பவருக்கு ரெக்கார்டிங் வேலை வந்தால் சனிக்கிழமை ஒத்திகை நின்றுவிடும், இன்னொருவர் பெங்களூருக்கு வேலை மாறுவார், பக்கத்தில் ஆறு மாதம் ஒரு போஸ்ட்டும் வராது.

அப்போது 'எப்ப திரும்ப வருவீங்க' என்று கமெண்டில் நச்சரிக்காமல், அதில் இருந்த நாலு பேரும் தனித்தனியாக என்ன செய்கிறார்கள் என்று பாருங்கள். ட்ரம்மர் வேறொரு பேண்டில் உட்கார்ந்திருப்பார், பாடகர் வீட்டிலிருந்து தனிப்பாட்டு ஒன்று போட்டிருப்பார், பேஸ் வாசித்தவர் மாணவர்களை வைத்து ஒரு சின்ன ஹாலில் ஏதாவது நடத்திக்கொண்டிருப்பார். அந்தச் சின்ன ஹால் நிகழ்ச்சிக்கு டிக்கெட் எடுங்கள்.